அறுபதைத் தாண்டியபின் தோள் வலித்தால்: ஓய்வா, நீச்சலா?

மூன்றாம்லேன்: வயது 62. ஆறு வாரத்தில், வயதுவாரியாக நடக்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி, 60–64 பிரிவில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல். வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கோச் இரண்டு வாரம் குளத்துப் பக்கமே வராதீர்கள் என்கிறார். இந்த வயதில் விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியுமா?

ஈரத்துண்டு: விடாதீர்கள் சார். ஜப்பானில் மியேகோ நாகவோகா முழங்கால் வலிக்காக 80 வயதில்தான் நீந்தவே ஆரம்பித்தார். 2015இல், 100 வயதில், 1,500 மீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தார். வலிக்கிறதென்று அவர் வீட்டில் உட்கார்ந்தாரா?

கிக்போர்டுமாமி: அந்த 1,500 மீட்டரை அவர் நிதானமாக பேக்ஸ்ட்ரோக்கில், அதாவது மல்லாந்தபடி, நீந்தினார். அதை விட்டுவிட்டீர்களே! அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி. 50 மீட்டரில் தங்கம் போனது 0.01 நொடியில். அதற்குத் தயாரானபோது வாரத்துக்கு ஐந்து முறைதான் நீந்தினார். இளவயதில் அதைப்போல இரண்டு மடங்கு. உடம்பு ஆறுவதற்கு நேரம் கொடுத்தார்.

ஈரத்துண்டு: மாமி, அவருக்கு மசாஜுக்கும் ஸ்ட்ரெச்சிங்குக்கும் தனித்தனியே ஆள் இருந்தது. நமக்கு வீட்டில் தைலம் தேய்த்துவிடவே ஆளில்லை. பயிற்சியை நிறுத்திய வீரர்களை வைத்து 1984இல் வந்த ஆய்வில், மூன்று வாரத்துக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 7 சதவீதம் குறைந்தது. நம் வயதில் அதைத் திரும்பப் பிடிப்பது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும்.

கிக்போர்டுமாமி: அந்த முதல் இழப்பு பெரும்பாலும் ரத்தத்தின் அளவு குறைவதால் வருவது. பயிற்சியைத் தொடங்கினால் அது மீண்டுவிடும். தோளின் தசைநார் கிழிந்தால்? போட்டிக்கு முன் டேப்பர் என்று எல்லோரும் பயிற்சியைக் குறைக்கத்தானே செய்கிறார்கள்?

ஈரத்துண்டு: டேப்பரில் தூரத்தைத்தான் பாதியளவுக்குக் குறைப்பார்கள், வேகத்தை அப்படியே வைத்திருப்பார்கள். படுத்துக் கிடப்பதற்குப் பெயர் டேப்பர் இல்லை.

குளத்துபிசியோ: இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்களே தவிர, எப்படிப்பட்ட வலி என்று கேட்கவே இல்லை. தசை அலுப்பு இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது குத்துகிறதா? இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா? கையில் பேடில்ஸ், அதாவது தோளுக்குச் சுமை கூட்டும் அந்தத் தட்டுகள், போடுகிறீர்களா? இன்னொன்று, ஒரு லெங்த்துக்கு, அதாவது குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்று எண்ணுங்கள். வழக்கமான வேகத்திலேயே இரண்டு மூன்று கூடினால் உடம்பு களைத்துவிட்டது, அன்றைக்கு அதோடு கரையேறுங்கள். (நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.)

மூன்றாம்லேன்: இரவில் திரும்பிப் படுக்க முடியவில்லை. பாதி தூரம் பேடில்ஸோடுதான் நீந்துகிறேன்.

ஈரத்துண்டு: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! பேடில்ஸைத் தூக்கிப் பரணில் போடுங்கள். டாக்டரையும் பாருங்கள். ஆனால் கால் பயிற்சியை ஏன் விட வேண்டும்? மூச்சும் நெஞ்சும் அதில் பழக்கத்திலேயே இருக்குமே.

குளத்துபிசியோ: கிக்போர்டை, அந்த மிதவைப் பலகையை, பிடித்து நீந்தினால் கை முன்னே நீண்டு தோளில்தான் அழுத்தம் விழும். போர்டு இல்லாமல், கையை உடம்போடு ஒட்டி வைத்து, ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டுக் கால் அடிக்கலாம். அதுவும் வலிக்காத வரை.

கிக்போர்டுமாமி: என் பெயருக்கே ஆபத்து வந்துவிட்டது. எனக்கு என்னவோ நம்பிக்கையில்லை. பக்கத்து லேனில் ஒருவர் முந்திப் போனால் இவர் கை சும்மா இருக்குமா? கோச் சொன்ன இரண்டு வாரமும் கரையில் இருக்கட்டும், நடக்கட்டும்.

மூன்றாம்லேன்: வியாழக்கிழமை ஆர்த்தோவைப் பார்க்கிறேன். அதுவரை தண்ணீரில் இறங்கவில்லை. அவர் சம்மதித்தால் கால் பயிற்சி பற்றிக் கோச்சிடம் பேசுகிறேன். ஆனால் போட்டிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். கொடுக்கவா?

ஈரத்துண்டு: கொடுங்கள் சார். கட்டணம் போனால் போகட்டும்.

கிக்போர்டுமாமி: 200க்கு வேண்டாம். 50க்கு வேண்டுமானால் கொடுங்கள், அதுவும் ஆர்த்தோ சரி என்றால்.