மெற்றாலிக்கா 1991இல் வழி தவறியதா?

மாங்குளம் கசெட்:
அமெரிக்க ஹெவி மெற்றல் இசைக்குழு மெற்றாலிக்காவின் 2023 அல்பத்தைக் கேட்டுவிட்டு, பழைய வேகம் திரும்பிவிட்டது என்று பலர் கொண்டாடுகிறார்கள். என்னால் முடியவில்லை. 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது என் பையில் இருந்தது அவர்களுடைய 1986 அல்பத்தின் கசெட் ஒன்றுதான். மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் கம்பி பொருத்தி, தம்பி பெடலைக் கையால் சுற்ற நான் கேட்பேன். அவன் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். அந்த அல்பத்தின் முதற்பாட்டுக்குப் பெயரே ‘பற்றரி’! போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்தபின் மச்சான் 1991, 1996 அல்பங்களைக் கொண்டுவந்தான். வேகம் போய்விட்டது. பாட்டுகள் வானொலிக்கு அளவெடுத்துத் தைத்தவைபோல் இருந்தன. 1996இல் தலைமயிரை வெட்டியது அவர்கள் விருப்பம். இசையை வெட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறாம் நரம்பு, கிளிநொச்சி:
அண்ணா, உங்கள் தம்பியின் கையை நினைக்கத் தொண்டை அடைக்கிறது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு 1991இல் தொடங்கியதல்ல. 1984இலேயே ஒரு பாட்டை மெல்லிய கிற்றாருடன் தொடங்கியதற்காக ‘விலைபோய்விட்டார்கள்’ என்று ஏசினார்கள். இன்று அந்தப் பாட்டு வேண்டாம் என்பீர்களா? 1988 அல்பத்தின் தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தொடும். மேடையில் அது கூட்டத்தைச் சோர்வடைய வைப்பதை அவர்களே கண்டார்கள். அதன்பிறகுதான் தயாரிப்பாளர் பொப் றொக்குடன் சேர்ந்து பாட்டுகளைச் சுருக்கினார்கள். நான் கிற்றார் பழகத் தொடங்கியபோது 1986 அல்பத்தின் வேகத்துக்கு என் மணிக்கட்டு வரவில்லை. 1991 அல்பம்தான் ஒவ்வோர் அடியையும் தனித்தனியே கேட்கவைத்தது. எனக்கு வாசல் அதுதான்.

முள்ளியவளை:
வாசல் என்பதற்காக அதையே வீடு என்று சொல்லலாமா, தங்கச்சி? எங்கள் ஊரில் விடிய விடிய ஆடிய கோவலன் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினால் புதியவர்கள் இருந்து பார்ப்பார்கள்தான். ஆனால் சாமத்துக்குப் பிறகு பாட்டு ஏறுகிற ஏற்றம் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். 1988 அல்பத்தின் நீளமும் அப்படிப்பட்டதுதான். சோர்ந்தவர்கள் சோரட்டும்.

ஆறாம் நரம்பு, கிளிநொச்சி:
சுருக்கிய கூத்தைப் பார்த்த பிள்ளைதான் பிறகு முழுக் கூத்தைத் தேடிப் போகும். நான் அப்படித்தான் 1988க்குப் போனேன்.

ஒட்டுசுட்டான் தாளம்:
2003 அல்பத்தை ஏன் ஒருவரும் தொடவில்லை? கிற்றார் தனி வாசிப்பே கிடையாது. ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டதால் ஒவ்வோர் அடியும் தகரப் பீப்பாயில் விழுவதுபோல் கேட்கும். பாஸ் கிற்றார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 2001இல் விலகியிருந்தார்; பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மதுவிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போய் வந்திருந்தார். உடைந்த நிலையில் இருந்தவர்கள் உடைந்த ஓசையையே பதிவு செய்தார்கள். அழகில்லை, ஆனால் பொய்யுமில்லை. 1996ஐவிட அதை மதிக்கிறேன்.

மாங்குளம் கசெட்:
அதில் உடன்படுகிறேன். அதிலாவது கோபம் இருந்தது.

ஆறாம் நரம்பு, கிளிநொச்சி:
1996ஐ இப்படித் தள்ளாதீர்கள். அதன் கடைசிப் பாட்டு குறுந்தட்டில் இடம் போதாமல் ஏறத்தாழ ஒரு நிமிடம் வெட்டப்பட்டது. பிறகு முழு வடிவமும் வெளிவந்தது. பதினொரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வானொலிக்கென்று எவராவது அப்படிச் செய்வார்களா? இன்றிரவு அதைக் கேளுங்கள், அண்ணா.

மாங்குளம் கசெட்:
தம்பி இப்போது கனடாவில். தொலைபேசியில் அவனையும் வைத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் கிற்றார் தனியே அலைந்து போகும் இடத்தில் இருவரும் பேசவில்லை. அந்த ஒரு பாட்டை ஏற்கிறேன், தங்கச்சி. அல்பத்தை அல்ல.