ஆரையம்பதிச் சொந்தங்கள்: கூத்துப் பதிவும் டைப்-சி கேபிளும்

பெரிய மாமா, மாலை 6:42
பிள்ளைகள், கோயில் முன்றலில் விடியும்வரை ஆடிய வடமோடிக் கூத்தின் பதிவு ஏறத்தாழ 100 ஜிகாபைட் இருக்கிறது. எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்கிலிருந்து அதனை மடிக்கணினிக்கு மாற்றத் தொடங்கி அரை மணித்தியாலம் கடந்தும் முடியவில்லை. கணினியின் சார்ஜருடன் வந்த தடித்த டைப்-சி கேபிளைத்தான் பொருத்தியிருக்கிறேன். டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்கு நாளை பிரதி கொடுப்பதாக வாக்களித்துவிட்டேன்.

மருமகள், மாலை 6:50
மாமா, டிஸ்கைச் சந்தேகிக்க முன்னர் கேபிளைப் பாருங்கள். டைப்-சி என்பது முனையின் வடிவம் மாத்திரமே. அம்முனையில் 24 தொடுபுள்ளிகள் இருந்தாலும், சார்ஜருடன் வரும் கேபிள்கள் பலவற்றில் அதிவேகத் தரவுக்கான கம்பிச் சோடிகள் இருப்பதில்லை. அவை யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே, அதாவது விநாடிக்கு 480 மெகாபிட்டிலேயே நின்றுவிடும். எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட்; நடைமுறையில் அது விநாடிக்கு ஏறத்தாழ 40 மெகாபைட் என்பதால், உங்கள் பதிவுக்கு முக்கால் மணித்தியாலம்வரை செல்லும். கேபிள் தடிப்பாக இருப்பது மின்னோட்டத்துக்காக. தரவு வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இப்போது தொடங்கியதை இடையில் நிறுத்த வேண்டாம்.

சின்னம்மா, மாலை 6:58
அப்படியானால் வேகமான கேபிள் ஒன்றை வாங்கினால், மாமாவின் கணினியைச் சார்ஜ் செய்யவும் அதுவே போதுமா, மகள்?

மருமகள், மாலை 7:06
போதும் சின்னம்மா, ஆனால் பெட்டியில் இரண்டு எண்களையும் பார்த்தே வாங்க வேண்டும். தரவுக்கு 10 ஜிகாபிட் என்று இருந்தால், கணினியின் துளையும் எஸ்எஸ்டியும் அதற்கு ஈடுகொடுக்கும் பட்சத்தில், இதே பதிவு சில நிமிடங்களில் மாறிவிடும். மின்சாரத்துக்கு 60, 100, 240 வாட் என்று இருக்கும். சாதாரணக் கேபிள் 3 அம்பியருக்கு மேல் கொடுக்காது. 5 அம்பியர் செல்ல வேண்டுமானால் கேபிளுக்குள் அதனை அறிவிக்கும் சில்லு ஒன்று இருந்தாக வேண்டும். 100 வாட் கேட்கும் கணினிக்கு 60 வாட் கேபிளைக் கொடுத்தால் மெதுவாகவே சார்ஜ் ஏறும். கூடிய வாட் கேபிளால் கைப்பேசிக்குத் தீங்கு வராது. அது தனக்குத் தேவையானதையே எடுத்துக்கொள்ளும். எண் எதுவும் அச்சிடப்படாத கேபிளை, மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

பெரிய மாமா, மாலை 7:31
பிரதி முழுமையாக வந்துவிட்டது, மகள். நாளை கல்முனைக்குப் போகும்போது 10 ஜிகாபிட், 100 வாட் என்று இரண்டும் அச்சிட்ட ஒரு மீற்றர் கேபிள் வாங்குகிறேன். பணம் கொடுக்க முன்னர் பெட்டியின் படத்தை இங்கே அனுப்புவேன். தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.