குருத்தோலைக் கொட்டான்: கரும்புள்ளி, வெடிப்பு, தளர்வு

திண்ணைப்பெட்டி கேட்டது:

மாசிப் பனி இன்னும் விடவில்லை, பகலில் வெயிலோ சுள்ளென்று அடிக்கிறது. வடலிக் (இளம் பனை) குருத்து வாங்கிக் காயவைத்து, கருப்பட்டியும் பலகாரமும் போட்டுவைக்கச் சின்னக் கொட்டான்கள் (ஓலைப்பெட்டிகள்) முடைகிறேன். காயும்போதே ஓலையில் கரும்புள்ளி விழுகிறது. மூலை மடிக்கும்போது ஓலை நெடுக வெடிக்கிறது. முடைந்தபோது இறுக்கமாக இருந்த பெட்டி நாலைந்து நாளில் ஈர்க்கு நுழையும் அளவுக்கு இடைவெளி விடுகிறது. இழை அகலம் 6 மி.மீ., பக்கத்துக்கு 15 இழை. கூடவே, மரப்பட்டை மாதிரி இயற்கைப் பொருளில் சிவப்புச் சாயம் ஏற்றுவது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காட்டு வடலி:

நீங்க சொன்ன மூணுமே ஈரத்துல வர்ற கோளாறுதான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கரும்புள்ளி பூஞ்சை. பகல்ல காஞ்ச ஓலைமேல ராத்திரிப் பனி இறங்கி, அது மறுநாள் உலர்றதுக்குள்ள பிடிச்சிடும். மாசி முடியுற வரைக்கும் சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் ஓலையைச் சுருட்டி உள்ள எடுத்திரணும். தரையில பரப்பாதீங்க, மண்ணு ஈரத்தை அடியிலிருந்து கொடுக்கும். கொடியிலயோ கட்டில்லயோ போட்டா ரெண்டு பக்கமும் காத்து படும். குருத்தை விரிக்காம மடிப்போட காயவச்சா உள்மடிப்புல புள்ளி வரத்தான் செய்யும். முதல் நாளே இதழ் இதழா கிழிச்சு ஈர்க்கை வாங்கிடுங்க. நல்ல வெயில் இருந்தா 3 நாள் போதும், பச்சை மாறி யானைத்தந்த நிறம் வந்திரும். புள்ளி விழுந்த ஓலையைத் தேய்ச்சுக் கழுவினாலும் போகாது. அதை உள்பக்க ஓலைக்கு வச்சுக்கிடுங்க, ஆனா தின்பண்டம் போடுற பெட்டியில வேண்டாம்.

குருத்து எங்க எடுக்கணும்னும் சொல்லிடுறேன். பதநீர் சீசன் தொடங்குற நேரம் இது. பாளை சீவுற மரத்துல குருத்துல கை வைக்கவே கூடாது. வடலியிலயும் ஒரு வருசத்துல ஒண்ணுக்கு மேல வேண்டாம். குருத்தோலை ஞாயிறு வர்ற காலமும் இதுதான். கோயிலுக்கும் பெட்டிக்கும் ஒரே வடலியில மறுபடி மறுபடி வெட்டினா அது தேறாது. பனைக்கு வளர்ற முனை ஒண்ணே ஒண்ணு, பக்கக் கன்னும் கிடையாது. அரிவாள் அந்த முனை வரைக்கும் இறங்கிட்டா மரமே போச்சு. வெட்டுறவங்ககிட்ட இதைக் கறாரா சொல்லிடுங்க.

மூலைமடிப்பு:

தளர்வுக்குக் காரணம் ஓலையை அதிக நேரம் ஊறப்போடுவது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த ஓலை அகலத்தில் உப்பிவிடும். அதை எவ்வளவு இறுக்கி முடைந்தாலும், காய்ந்ததும் ஒவ்வொரு இழையும் சுருங்கி இடைவெளி விடும். காய்ந்த ஓலையை 5 முதல் 10 நிமிடம் மட்டும் தண்ணீரில் முக்கி, உதறி, ஈரப் பருத்தித் துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். விரலில் சுற்றினால் வெடிக்கக்கூடாது, பிழிந்தால் நீரும் வரக்கூடாது. அந்தப் பதத்தில் முடையத் தொடங்குங்கள். பங்குனி வெயிலில் மதியத்துக்குள் கையிலேயே காய்ந்துபோகும் என்பதால் காலையில் முடைவது நல்லது. நடுவில் நிறுத்தினால் பாதிப் பெட்டியை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

மூலை வெடிப்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் 15 இழை. மூலை எழுவது அடிச்சதுரத்தின் முனையில் அல்ல, ஒவ்வொரு பக்கத்தின் நடுவில். அங்கே நடு இழைகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணில் நடு இழை ஒன்றுதான் இருக்கும். அதைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடிக்கும்போது வெடிக்கிறது, பெட்டியும் கோணும். 16 வைத்து 8க்கு 8 என்று பிரியுங்கள்.

16 இழை, 6 மி.மீ. அகலம் என்றால் அடிச்சதுரம் சுமார் 9.6 செ.மீ. மூலைகள் பக்க நடுவில் எழுவதால் பெட்டியின் உண்மையான அடி அதைவிடச் சிறியது, பக்கத்துக்கு 6.8 செ.மீ. அளவில் நிற்கும். பலர் இதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டிவிட்டுப் பெட்டி சிறுத்துவிட்டது என்பார்கள். சுவரில் இழை சாய்வாக ஏறுவதால் 8 செ.மீ. உயரத்துக்கு 11.5 செ.மீ. இழுக்கும். விளிம்பில் மடித்துச் சொருக முனைக்கு 7 செ.மீ. விடுங்கள். சுவரும் விளிம்பும் இரு முனைக்கும் சேர்த்து மொத்தம் 47 செ.மீ. வரும், 50 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் கவலை இல்லை. மொத்தம் 32 இழை. இழை அகலம் மாறினாலும் இடைவெளி வரும். மரக்கட்டையில் இரண்டு பிளேடை 6 மி.மீ. இடைவெளியில் பொருத்தி அதற்குள் ஓலையை இழுங்கள்.

அடி முடிந்ததும் இரு மூலைவிட்டமும் சமமா என்று அளந்து பாருங்கள். நான்கு மூலையையும் எழுப்பி, துணிக் கிளிப் போட்டுவிட்டுத்தான் சுவர் ஏற வேண்டும். விளிம்பை அன்றே மடிக்காதீர்கள். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, அடியிலிருந்து இழை இழையாக மேல்நோக்கி இறுக்கிவிட்டு, விளிம்பை மட்டும் ஈரத்துணியால் ஒற்றிப் பிறகு மடித்துச் சொருகுங்கள். தளர்வுக்கு மருந்து இதுதான்.

திண்ணைப்பெட்டி:

நன்றி. 15 இழையைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. மூடிக்கு 18 இழை வைத்தால் சரியாக இருக்குமா?

மூலைமடிப்பு:

18 வைத்தால் அடி 7.6 செ.மீ. ஆகிவிடும், மூடி கழன்று விழும். அதே 16 இழையை 6.5 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். உள்பக்க ஓலையும் வைத்து முடைந்த இரட்டை ஓலைப் பெட்டிக்கு இது சரியாகப் பொருந்தும். முடைந்த பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேலேயே மூடியின் சுவரை ஏற்றுங்கள்.

வலிகாமத்தான்:

சாயத்துக்கு நான் சொல்லுறன். சிவப்புக்குப் பதிமுகக் கட்டைதான், சப்பங்கி எண்டும் கேட்டு வாங்கலாம். காய்ஞ்ச ஓலை 100 கிராமுக்குக் கட்டைச் சீவல் 100 கிராம். இரவு ஊறப்போட்டு, காலமை 3 லீற்றர் தண்ணியில முக்கால் மணித்தியாலம் அவிச்சு வடியுங்கோ. பனையோலையில மெழுகுப் பூச்சு இருக்கு, நேரடியாப் போட்டால் திட்டுத்திட்டாத்தான் பிடிக்கும். முதல்ல ஓலையை வெறும் கொதிதண்ணியில 20 நிமிடம் அவியுங்கோ. பிறகு 15 கிராம் படிகாரம் கரைச்ச சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகுதான் சாயம், மெல்லிய நெருப்பில அரை மணித்தியாலம், அதிலேயே ஆறவிடுங்கோ. நிழல்லதான் காயவைக்க வேணும்.

இரும்புச் சட்டி கூடாது, நிறம் கறுத்துப்போகும். தண்ணி காரமா இருந்தால் சிவப்பு ஊதாப் பக்கம் போகும், புளிப்பு பட்டால் மஞ்சளாகும். அதால கிணத்துத் தண்ணி உப்பா, சுண்ணாம்புத் தன்மையா எண்டு பார்த்து, ஒரு இழையில சோதிச்ச பிறகு முழுசா இறங்குங்கோ. மஞ்சள் கிழங்குச் சாயம் ஓலையில அழகா ஏறும், ஆனால் வெயில் பட்டால் வெளிறிடும்.

புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இழைக்கிறதெண்டால் சாயம் வேண்டாம். ஆவி படும்போது நிறம் புட்டில இறங்கும்.

கருக்குமட்டை:

முடைந்த பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கலாமா? பளபளப்பாக, பூச்சி வராமல் இருக்கும் என்று கடையில் சொல்கிறார்கள்.

தேரிக்காட்டு வடலி:

கருப்பட்டி வைக்கிற பெட்டிக்கு அடிக்காதீங்க, வாடை ஏறிடும். காத்து போக வழியில்லாம கருப்பட்டியும் கசிய ஆரம்பிக்கும். ஓலை ஈரத்துக்குத் தக்கபடி விரிஞ்சு சுருங்குறப்போ பூச்சு மடிப்புல உரிஞ்சு நிக்கும். பூச்சிக்கு மாசம் ஒரு தடவை காலை வெயில்ல ஒரு மணி நேரம் வச்சாப் போதும், காஞ்ச வேப்பிலை நாலு போட்டு வைங்க. பெட்டியைச் சுவரோட ஒட்டி வைக்காம பரண்ல காத்தோட்டமா வைங்க. மழைக்காலத்துல அடுப்படிக்குப் பக்கம் இருந்தா இன்னும் நல்லது.