கலைச்சொல் விவாதம்: வேட்டையில் ‘டவுன்விண்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதல் மடல், டெக்சாஸிலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது எட்வர்ட்ஸ் பீடபூமிப் பக்கம். செம்மறியும் வெள்ளாடும் வளர்க்கிற பண்ணைகள் நிறைந்த வட்டாரம். குட்டி போடும் காலத்தில் கொயோட்டிகள், அதாவது நாய் இனத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகள், வந்து குட்டிகளைத் தூக்கிவிடும். பக்கத்துப் பண்ணைக்காரர் கற்றுக்கொடுத்து, இரண்டு குளிர்காலமாக நானும் வேட்டைக்குப் போகிறேன். இப்போது அக்கா மகன் இங்கே வந்திருக்கிறான், அவனும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்துவிட்டான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு டெக்சாஸில் அது கட்டாயம். உரிமமும் வாங்கியாயிற்று. ஆனால் களத்தில் செய்யவேண்டியதைத் தமிழில் எழுதிக்கொடுத்தால்தான் மனதில் நிற்கும் என்கிறான். எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் இல்லாமல் தவித்தேன்.

விலங்கின் பெயரில் எனக்குக் குழப்பம் இல்லை. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டலின் ‘கொயோட்ல்’ ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாமும் கொயோட்டி என்றே வைத்துக்கொள்வோம். ‘அமெரிக்க நரி’, ‘புல்வெளி ஓநாய்’ என்றெல்லாம் எழுதுவது ஆபத்து. வட கரோலினாவின் கிழக்கில் செவ்வோநாய் மிஞ்சியிருக்கும் ஐந்து கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) கொயோட்டியை இரவில் சுடத் தடை இருக்கிறது. இரண்டும் அவ்வளவு ஒத்த தோற்றம். பெயரே மங்கலாக இருந்தால் புதிதாக வருபவன் எதைப் பார்த்துச் சுடுவான்?

கொயோட்டியை வரவழைக்க அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதும் சின்னக் குழலை ‘ஓலக்குழல்’ என்றும், அதே ஒலியை எழுப்பும் மின்கருவியை ‘ஓலப்பெட்டி’ என்றும் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘கால்’ (call) என்கிறார்கள் என்பதற்காக ‘அழைப்பு’ என்று எழுத மனம் வரவில்லை. அது உயிர் போகிற ஓலம். ஓரிடத்தில் மறைந்து உட்கார்ந்து, ஊதி, பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்து எழுவதை ‘ஓர் அமர்வு’ என்கிறேன். “இன்று காலையில் நாலு அமர்வு” என்றால் யாருக்கும் புரியும்.

இடறுவது டவுன்விண்ட், அதாவது காற்று போகிற பக்கம். ஓலம் கேட்ட கொயோட்டி நேராக ஓடி வருவது குறைவு. அரைவட்டமாகச் சுற்றி, ஒலி வந்த இடத்திலிருந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு வந்து மூக்கைத் தூக்கும். நம் மணம் பட்டுவிட்டால் அவ்வளவுதான், அந்த அமர்வு முடிந்தது. அதனால் அந்தப் பக்கம் புதர் இல்லாமல், கண்ணுக்கு எட்டும் வெளியாக இருக்க வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான், அதனால் இந்தச் சொல்லைச் சரியாக வைக்க வேண்டும் என்று துடிக்கிறேன்.

பள்ளிப் புவியியலில் ‘காற்று மறைவுப் பக்கம்’ என்று படித்தோம். மலைக்கு அது சரி. இங்கே அப்படி எழுதினால் நாம் மறைந்திருக்கிற பக்கம் என்று பையன் நினைத்துக்கொள்வான். உண்மையில் நாம் காட்டிக்கொடுக்கப்படுகிற பக்கம் அது. ‘மோப்பத்திசை’ என்று எழுதிப் பார்த்தேன். யார் யாரை மோப்பம் பிடிப்பது என்பது அதில் தெளிவில்லை. உங்கள் யோசனை வேண்டும்.

மறுமொழி, மதுரையிலிருந்து

தம்பிக்கு,

ஓலக்குழல் மனதில் ஒட்டிக்கொண்டது. டவுன்விண்டுக்குக் ‘காற்றுக்கீழ்’ என்று வைக்கலாமே? ஆற்றுக்குக் கீழ்ப்புறம் என்பதுபோல, காற்று ஓடிப்போகிற பக்கம்.

இன்னொன்று. ஓலப்பெட்டிக்குப் பக்கத்தில் குச்சியில் ஆடுகிற முடிக்கற்றை வைப்பார்கள் என்று முன்பு ஒரு மடலில் எழுதியிருந்தீர்கள், டிகாய் என்று. அதற்குப் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். ‘பார்வை’ என்பதே நம்முடைய பழைய சொல். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்தில் பார்வைமான் கட்டித் தேய்ந்துபோன விளாமரம் வருகிறது. மற்ற மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் மான் அது. வேடரின் சொல் வேடருக்கே திரும்பட்டும்.

மறுமொழி, டெக்சாஸிலிருந்து

ஐயா, ‘பார்வை’ கிடைத்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தனியாக எழுதினால் கண்பார்வை என்று படிக்கப்படும் என்பதால் ‘பார்வைக்கற்றை’, ‘பார்வைமுயல்’ என்று எப்போதும் சேர்த்தே எழுதப் போகிறேன்.

காற்றுக்கீழில் மட்டும் ஒரு தடங்கல். தமிழில் கீழ் என்றால் கிழக்கும்தானே. மேல்காற்று அடிக்கிற நாளில் காற்றுக்கீழ் என்று கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் தற்செயலாகச் சரியாகிவிடும். கீழ்க்காற்று அடித்தால் கொயோட்டி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒருநாள் சரியாகவும் மறுநாள் தலைகீழாகவும் போகிற சொல்லைக் கற்றுக்குட்டி கையில் கொடுக்க எனக்குப் பயம்.

நேற்று இரவு ஒன்று தோன்றியது. சின்ன வயதில் ராட்சசன் கதை கேட்டோமே, “மனுச வாடை அடிக்குதே” என்று வருவானே, அந்த வாடை. நம் வாடை போகிற பாதையை ‘வாடைவழி’ என்றால் என்ன? யாருடைய மணம், எங்கே போகிறது என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. வாடை வடகாற்றும் ஆயிற்றே என்று கேட்பீர்கள். இங்கே குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கொடுங்காற்று திடீரென்று இறங்கும், அதனால் நானும் அதை யோசித்தேன். ஆனால் பேச்சில் அதை ‘வாடைக்காற்று’ என்று காற்றைச் சேர்த்தே சொல்கிறோம். ‘வழி’ சேர்ந்தால் மணம்தான் நினைவுக்கு வருகிறது. காற்று வருகிற பக்கமான அப்விண்டுக்குச் சொல் தேடவே வேண்டாம். சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் ‘எதிர்காற்று’ தெரியும்.

இப்போது குறிப்பு இப்படி நிற்கிறது:

“நிலக்காரரிடம் அனுமதி வாங்கு. வண்டியைத் தூரத்தில், மேட்டுக்கு மறைவாக நிறுத்து. எதிர்காற்றில் நடந்து போ. ஓலப்பெட்டியை உன்னிடமிருந்து தள்ளி வை, பார்வைக்கற்றையை அதன் பக்கத்தில் நடு. வாடைவழி திறந்த வெளியாக இருக்கும்படி உட்கார். துப்பாக்கிக் குழலின் முனை எப்போதும் ஆளில்லாத பக்கம், சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. வருவது கொயோட்டியா, நாயா என்று உறுதியாகத் தெரியவேண்டும். அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்றும் பார். இல்லையென்றால் சுடாதே, விட்டுவிடு.”

இதில் ஏதாவது சொல் இடறினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா. சனிக்கிழமை விடியலில் அவனுக்கு முதல் அமர்வு.