மறு: ஐகான் தீம் – 'உருவணி' எப்படி?

வணக்கம்.

மென்பொருளைத் தமிழாக்கும்போது ஐகான், ஐகான் தீம் இரண்டுக்கும் எந்தச் சொற்களை வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது. ஐகானுக்குப் 'படவுரு' என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. சின்னம் என்றால் கட்சிச் சின்னம் முன்னால் வந்து நிற்கிறது. குறும்படம் என்றால் யூடியூப்தான் நினைவுக்கு வருகிறது. சிக்கல் அடுத்த சொல்லில்தான்: ஐகான் தீம், அதாவது திரையில் உள்ள படவுருக்களின் தோற்றத்தை மொத்தமாக மாற்றும் தொகுப்பு.

'படவுருக் கருப்பொருள்' என்ற முன்மொழிவை நேற்று என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். பொத்தானில் "படவுருக் கருப்பொ..." வரைதான் தெரிகிறது. சரி, நீளத்தை விடுவோம், பொருளே ஒட்டவில்லை. கருப்பொருள் என்பது கதைக்கோ கட்டுரைக்கோ உள்ளே இருப்பது. இங்கே நாம் மாற்றுவது மேல்தோற்றத்தை மட்டும். பாப்பிரஸ் தீம் போட்டாலும் நியூமிக்ஸ் தீம் போட்டாலும் கோப்புறை அதே கோப்புறைதான், உள்ளே இருக்கும் கோப்புகளும் அப்படியே.

ஐயா ஒருவர் முன்மொழிந்த 'படவுருப் பொதி' நல்ல சொல். அதை நாம் இறக்கிக்கொள்ளும் சுருக்கக் கோப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பொதியைப் பிரித்து, உரிய அடைவில் போட்டு, லினக்ஸில் தோற்றத்தை மாற்ற உதவும் க்னோம் ட்வீக்ஸ் செயலியில் தேர்ந்தெடுத்தாயிற்று. இப்போது திரையில் இருப்பதையும் பொதி என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதற்குத்தான் 'உருவணி' என்கிறேன். அணி என்றால் நகை. வரிசை, கூட்டம் என்றும் பொருள். வினையாக வந்தால் பூண்டுகொள். மூன்றுமே இங்கே பொருந்துகின்றன. 16 புள்ளி, 22 புள்ளி, 48 புள்ளி என்று பல அளவுகளில், ஒரே கை வரைந்தது போன்ற உருக்கள் அணியாக நிற்கின்றன. பணிமேடை (டெஸ்க்டாப்) அதை அணிந்துகொள்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. லினக்ஸில் ஒரு தீமில் ஏதாவது ஒரு செயலிக்கு உரு இல்லையென்றால், அந்தத் தீம் வேறு எந்தத் தீமை வழியாகக் காட்டுகிறதோ அதில் கணினி தேடும். அங்கும் இல்லையென்றால் கடைசியாக எல்லாவற்றுக்கும் பொதுவான ஹைகலர் தீமுக்குப் போகும். அப்படி வழியாகக் காட்டப்படும் தீமைத் 'தாயணி' என்று சொல்லிவிடலாம். கேட்டவுடன் புரியும்.

விண்டோஸில் ஒரே ஒரு கோப்புறையின் பண்புகளுக்குள் போய் அதன் படத்தை மாற்றுகிறோமே, அது உருவணி ஆகாது. அங்கே 'படவுருவை மாற்று' என்றே இருக்கட்டும். ஐகான்பேக்கேஜர் போல மொத்தமாக மாற்றும் மென்பொருளுக்கு 'உருவணி மாற்றி' சரியாக வரும்.

மேட்ரிக்ஸுக்குப் பள்ளிப் பாடநூலில் 'அணி' என்று இருப்பது தெரியும். கணக்கும் பணிமேடையும் ஒரே பக்கத்தில் வருவது அரிது என்பதால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உருவக அணிதான் கொஞ்சம் உறுத்துகிறது. வேகமாகப் படிக்கும்போது கண் அங்கே போகிறது. இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது உண்மையிலேயே தடையாக இருந்தால் 'படவணி' என்று மாற்றிக்கொள்ளலாம். ஓசையில் எனக்கு உருவணிதான் பிடித்திருக்கிறது.

வேறு தடை இல்லையென்றால் இந்த மூன்று வரிகளை மாற்றிவிடுகிறேன்: "உருவணியைத் தேர்ந்தெடு", "புதிய உருவணியை நிறுவு", "பழைய உருவணிக்குத் திரும்பு". மூன்றும் பொத்தானில் முழுதாகத் தெரிகின்றன, பார்த்துவிட்டேன்.