கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்கிறது, படங்களை மீட்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஃபைல்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது தங்கச்சி பையன் கேபிளை இழுத்து, என் 1 டிபி டபிள்யூடி மை பாஸ்போர்ட் ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. இப்போது செருகினால் லைட் எரிகிறது, உள்ளே சுற்றுவதும் கைக்குத் தெரிகிறது. ஆனால் ‘டக்... டக்...’ என்று தட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் காட்டவே இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள், வீடியோ எல்லாம் இதில்தான். ஏதாவது மென்பொருள் போட்டால் கிடைக்குமா? நண்பர் ஒருவர் ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

பதில் 1:
ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அதோடு கதை முடிந்தது. கம்ப்யூட்டருக்கே தெரியாத டிஸ்க்கில் மென்பொருள் எதைப் படிக்கும்? தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட் தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிற சத்தம் அது. வளைந்த ஹெட் சுற்றும் தட்டில் உரசினால் டேட்டா பதிந்திருக்கும் காந்தப் பூச்சு சுரண்டிப் போகும். சுரண்டிய இடத்தில் இருந்ததை டேட்டா மீட்கும் எந்த லேபாலும் மீட்க முடியாது. இனி ஒரு தடவைகூடச் செருகாதீர்கள்.

பதில் 2:
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்க்கலாமே? மலிவாக முடியும்.

பதில் 1:
சார், சுற்றுகிறது என்கிறாரே, இது போர்டு கோளாறு மாதிரி இல்லை. போர்டே போயிருந்தாலும் அதே மாடலை வாங்கி அப்படியே மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்குக்கான அளவு விவரங்கள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கும், அதையும் பழைய போர்டிலிருந்து புதியதுக்கு மாற்றணும்.

கேட்டவர்:
சரி, எடுத்து வைத்துவிட்டேன். ஒரு லேபில் கேட்டேன். ‘டோனர்’ வாங்கணும், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். ‘டேட்டா வந்தால்தான் காசு’ என்று கடைப் பலகையில் போட்டிருக்கிறதே?

பதில் 1:
அது பொதுவாகக் கூலிக்கு மட்டும். ஹெட் மாற்ற, ஒத்துப்போகும் இன்னொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டைக் கழற்றணும். அதுதான் டோனர். அந்தக் காசு பல இடங்களில் திரும்ப வராது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், டிஸ்க்கை எங்கே திறப்பீர்கள் என்று கேளுங்கள். தூசி வடிகட்டிய கிளீன் பெஞ்ச் இல்லாமல் கடை மேசையில் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள். எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாற்றிய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது.

பதில் 3:
லேபுக்கு முன்னால் ஸ்டுடியோக்காரரிடம் கேட்டீர்களா?

கேட்டவர்:
இப்போதுதான் போன் போட்டேன். ஆல்பத்துக்கு எடுத்த படங்கள் மட்டும் இருக்கிறதாம், வீடியோ இல்லை. வீடியோ ஃபோல்டரை முதலில் எடுக்கச் சொல்லி லேபில் டிஸ்க்கைக் கொடுக்கிறேன்.