ஆற்று நடுவில் எல்லைக்கோடு: உங்கள் அனுபவம்?

ஸ்காபரோக்காரன்
கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஓடும் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் ஆயிரம் தீவுப் படகுச் சவாரிக்கு எல்லாரும் போயிருப்பீர்கள், அதனால் விஷயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவிடம் கனடா விசா மட்டும்தான். ஸாவிகன் தீவுகளை இணைக்கும் குட்டிப் பாலம் வந்ததும் மைக்கில், "பெரிய தீவு கனடா, சின்னது அமெரிக்கா" என்றார்கள். எல்லாரும் படம் எடுக்க, அம்மா கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரைக்குத் திரும்பும்வரை அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சோதனைச்சாவடிக்குப் பழகிய கை.

வரைபடப் பைத்தியம்
அண்ணா, மைக்கில் சொன்னது சுத்தக் கட்டுக்கதை. இரண்டு தீவுமே கனடாதான், கோடு அதற்குத் தெற்கே போகிறது. பிரிட்டன்-அமெரிக்கப் போரை முடித்த 1814 கெண்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த ஆற்றை அளந்த ஆணையர்கள், அமெரிக்கத் தரப்பில் போர்ட்டரும் பிரிட்டன் தரப்பில் பார்க்லேயும், எந்தத் தீவையும் கோடு வெட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே தீவில் இரண்டு நாட்டுச் சட்டம் இருந்தால் தினமும் சண்டைதானே? 1822 தீர்ப்பில் இந்த ஆற்றின் உல்ஃப் தீவு பிரிட்டன் (அப்போது கனடா அவர்கள் கையில்) பக்கம் போனது, நயாகரா ஆற்றின் கிராண்ட் தீவு அமெரிக்காவுக்கு. வளைந்து போன கோட்டை நேர்கோட்டுத் துண்டுகளாக மாற்றியது 1908 ஒப்பந்தம்.

வின்னிபெக் வாசி
தீவை வெட்டவில்லை, சரி. லேக் ஆஃப் தி வுட்ஸ் பக்கம் வந்து பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போரை முடித்த 1783 ஒப்பந்தத்தில், அந்த ஏரியின் வடமேற்கு முனையிலிருந்து நேர் மேற்கே போனால் மிசிசிப்பி வரும் என்று எழுதிவிட்டார்கள். ஆறு கிடப்பதோ தெற்கே! 1818இல் அந்த முனையிலிருந்து, மேற்கே எல்லையாகப் போகும் 49ஆம் அட்சக்கோட்டுக்குக் கோட்டை இறக்கி ஒட்டுப்போட்டதில், கனடா வழியாக மட்டுமே சாலையில் போகக்கூடிய ஓர் அமெரிக்க மூலை மிஞ்சியது. மீன் பிடிக்கப் போனேன். மண் சாலை, அதிகாரி யாரும் இல்லை. எல்லை அதிகாரியை அழைக்கச் சின்னக் கூண்டுக்குள் வீடியோ ஃபோன். பொத்தானை அழுத்திவிட்டு, திரைக்கு முன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அனுபவசாலி
ஸ்காபரோ தம்பி, அடுத்த முறை அம்மாவை அழைத்துப்போனால் முதலில் டிக்கெட்டைப் படியுங்கள். போல்ட் கோட்டையில் இறங்கும் சவாரி என்றால் வேண்டாம். அது ஹார்ட் தீவில், அமெரிக்க மண். இறங்கியதும் குடிவரவுச் சோதனை உண்டு. சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பும் சவாரியே போதும். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், மேல்தளத்தில் காற்று அடிக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. வார நாளில் போனால் கூட்டமும் குறைவு.

ஸ்காபரோக்காரன்
இரண்டும் கனடாதான் என்று அம்மாவிடம் இப்போது சொன்னேன். "அப்ப ஏன் அவன் மைக்கிலை அப்பிடிச் சொன்னவன்?" என்கிறார்.